ஜாத்திரை இல்லாத நாளில் ஒரு புடவை

என் கோமளா அக்காவுக்கு,

அங்கே எல்லோரும் நலமா என்று கேட்க மாட்டேன். நீ போய்ச் சேர்ந்த இடத்தில் யார் நிம்மதியாக இருக்க முடியும்?

முதலில் ஊர்ச் செய்தி. நாம் இருவரும் பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டே வேலை பார்த்த நூல் மில், பல வருஷம் பூட்டிக் கிடந்தது இல்லையா, அதைக் கலைக்கூடம் ஆக்கிவிட்டார்கள். திருமலையில் சாமி கும்பிட்டு இறங்குகிறவர்கள், ரயிலுக்கு நேரமிருந்தால் வந்து நம் மெஷினோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். 'தொடாதீர்கள்' என்று பலகை வேறு. தொடாமல் நின்றால் நமக்குச் சம்பளம் வெட்டிய மெஷின் அது.

அதே கொட்டகையில் இந்த மாதம் வானவில் விழா. ஸ்ரீ சிட்டி பேக்டரிகளில் வேலை செய்யும் பிள்ளைகள் நடத்தினார்கள். ஆணை நேசிக்கும் ஆண், பெண்ணை நேசிக்கும் பெண், உன்னைப் போன்ற திருநங்கைகள், எல்லோரும் இருந்தார்கள். படம், பாட்டு, கடைசியில் பஜார் வழியாக ஊர்வலம். பழைய மில் ஆள் என்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். மெஷினுக்கும் காபிக் கடைக்கும் நடுவே நானும் ஒரு காட்சிப் பொருள்.

ஊர்வலத்துக்குப் புடவை கட்டுவது என்று முடிவு செய்தேன். சிரிக்காதே.

கங்கம்மா ஜாத்திரையில் ஆண்கள் புடவை கட்டி வேஷம் போடுவது திருப்பதிக்குப் புதிதா? நானும் வருஷா வருஷம் வேண்டுதல் என்று சொல்லிக் கட்டியவன்தானே. மூட்டு வலி, அண்ணன் மகள் கல்யாணம், கேஸ் இணைப்பு. ஒரு மனுஷனுக்கு இத்தனை கஷ்டமா என்று அம்மனே சந்தேகப்பட்டிருப்பாள். அந்த நாட்களில் தெருப் பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு புடவை தருவார்கள். நீயும் அப்படி வாங்கிக் கட்டியவள்தான். ஆனால் மறுநாள் நீ அவிழ்க்கவில்லை. முந்தின நாள் அம்மன் என்று உன் காலில் விழுந்த தெரு, "வேஷம் போதும், கயட்டு" என்று கல்லெடுத்தது. சாகும்வரை நீ கழற்றவே இல்லை.

அண்ணியிடம் போய் நின்றேன்.

"அண்ணி, அந்த மாம்பழக் கலர் பட்டு குடுங்க."

"ஜாத்திரை முடிஞ்சி எவ்ளோ நாளாவுது. இப்ப இன்னா வேண்டுதல்?"

"வேண்டுதல் இல்ல. கட்டிக்கணும்னு ஆசை. நான் அப்டித்தான் அண்ணி."

அண்ணி மிக்சியை நிறுத்தினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் புடவையோடு வந்தார்.

"இந்தா. யார்னா கேட்டா வேண்டுதல்னு சொல்லிடு. உங்கண்ணன் கடைக்கு நாலு பேரு வந்து போறாங்க."

அந்தப் பட்டு எவ்வளவு மெத்தென்று இருந்தது தெரியுமா? ஆனாலும் மேசையில் திருப்பி வைத்தேன்.

"பொய்யோட சேத்துக் குடுக்கிறதா இருந்தா வேணாம் அண்ணி."

"வயசான காலத்துல உனுக்கு இன்னா கொயுப்பு பாரு."

நேராக ஜவுளிக் கடைக்குப் போனேன். பச்சையில் ஒன்றைக் கையில் எடுத்தேன். "மேடம்கா சார்?" என்றாள் விற்கிற பெண். "நாகே" என்றேன், எனக்குத்தான் என்று. கண்கூட இமைக்கவில்லை அவள். "அப்டின்னா ஈ பச்ச வத்து, வேணாம் சார், மீ கலருக்கு எடுக்காது," என்று என் கையிலிருந்து பிடுங்கி, சிவப்பை விரித்தாள். மானத்துக்குப் பயந்து போனவனை நிறத்தில் அடித்துவிட்டாள்.

ஊர்வலத்தில் பூக்கடைக்காரன் மறித்தான். "இன்னா முனிரத்தினம், ஜாத்திரைதான் முடிஞ்சிச்சே. இன்னும் வேஷத்தோட சுத்திக்கினு கீறே?"

"வேஷத்தக் கயட்டிட்டுத்தான்யா வந்துக்கினு கீறேன்."

எதிரே மளிகைக் கடையில் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலித்ததா? வலித்தது. அதற்காக ஓரமாகப் போகவில்லை. நடுத்தெருவில், நீ நடப்பாயே, அப்படி இடுப்பை ஆட்டி நடந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது தனிக்கதை.

வரும் ஜாத்திரையில் அம்மனிடம் எந்த வேண்டுதலும் சொல்லப் போவதில்லை. ஆசைப்பட்டுக் கட்டினேன் என்றே சொல்வேன். ஜாத்திரை முடிந்த மறுநாள் அதே புடவையில் அண்ணன் கடைக்குப் போய்த் துவரம் பருப்பு கேட்பேன். அவர் எடை போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, கழற்ற மாட்டேன் அக்கா. இது உன்மேல் சத்தியம்.

உன் தங்கச்சி,
முனிரத்தினம்