தம்பியின் பெயரில் மதியச் சாப்பாடு

வெள்ளவத்தை,
12.01.1999

என் செல்ல மகளுக்கு,

தம்பியின் பெயரில் நீ கனடாவிலிருந்து கொடுத்த மதியச் சாப்பாடு நேற்று எங்கள் முதியோர் இல்லத்தில் நடந்தது. இருபத்தாறு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம். சீனி வருத்தக்காரரும் இரண்டாம் முறை பாயாசம் வாங்கினார்கள். டொக்டர் கேட்டால் நான் சொல்லமாட்டேன்.

ஒரு சின்னப் பிழை நடந்தது. சாப்பாடு யாருக்காக என்று இங்கே கரும்பலகையில் எழுதுவார்கள். இறந்தவருக்கு என்றால் 'நினைவாக' என்று எழுதி, தேவாரம் பாடிய பிறகே பரிமாறுவார்கள். நேற்றும் அப்படித்தான் எழுதியிருந்தது. தியாகராசா மாஸ்டர் பாடுவதற்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார். நான் எழும்பிப் போய் அந்தச் சொல்லைச் சேலைத் தலைப்பால் அழித்தேன்.

"மகள் அப்பிடித்தான் எழுதி அனுப்பினவ, அம்மா," என்றார் மேற்பார்வையாளர் சிவமணி.

"அவள் தூரத்திலை இருக்கிறாள், பிள்ளை. அவன் வத்தளைக்கு வேலைக்குப் போனவன். மூண்டு வருஷமாய் வீட்டை வரேல்லை, அவ்வளவுதான். இண்டைக்கு அவனுக்கு இருபத்தெட்டு வயசு."

அவர் அந்த இடத்தில் 'பிறந்தநாள்' என்று எழுதினார். மாஸ்டர் தேவாரத்தை விட்டுவிட்டு, கரகரத்த குரலில் பிறந்தநாள் பாட்டைத் தொடங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

உன்னில் எனக்குக் கோபமில்லை, குஞ்சு. அழுது முடிக்க உனக்கும் ஒரு நாள் வேண்டும்தானே. குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

அடுத்த வருஷமும் சாப்பாடு கொடு. இருபத்தொன்பது வயது என்று எழுதி அனுப்பு.

உங்கள் இரண்டு பேருக்கும்
அம்மா