டிக்கெட் கொடுத்த பெண்ணிடமிருந்து பெரியப்பாவுக்கு

என் அன்புப் பெரியப்பா,

காரியமெல்லாம் முடிந்துவிட்டது. பதினாறாம் நாளன்று வந்தவர்கள் சாப்பிட்டார்கள், உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசினார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்கள். என்னையும் ஏதாவது சொல்லச் சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் நல்லதை மட்டும் பேசியிருக்க மாட்டேன் என்பது உங்களுக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போவதாகத் துரைராஜ் அண்ணனிடம் சொன்னேன். உங்கள் மகனல்லவா, உங்களைப் போலவே தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டு போறியா, பாக்கியம்?" என்றார். அது வீதிக்குப் போய் எட்டு வருஷமாச்சு அண்ணே என்றேன். கொண்டு போனது நானா, நீங்களா, பெரியப்பா? இன்றுவரை நமக்குள் அது தீரவில்லையே.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் மலாயாவில் பிறந்தவள். ஈப்போ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அப்பா டிரஸ்ஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவதும் ஊசி போடுவதும் அவர் வேலை. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம், திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. அப்பாவின் அண்ணன் நீங்கள் ஸ்ரீரங்கத்தில் பாத்திரக் கடை வைத்திருந்ததால்தான் அப்பா என்னைத் தனியாகக் கப்பல் ஏற்றத் துணிந்தார். நாகப்பட்டினம் துறைமுகத்துக்கு நீங்களே வந்து நின்றீர்கள். என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்படியே என் தம்பி" என்று சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டீர்கள்.

சொந்த ஊருக்கு வந்துவிட்டாய் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அது அந்நிய ஊர். நான் பேசும் தமிழைக் கேட்டு ஹாஸ்டல் பெண்கள் சிரித்தார்கள். மார்க்கெட்டை 'பாசார்' என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் கேலிக்கு ஆளானேன். ஈப்போ என்று எத்தனை தடவை சொன்னாலும் ஸ்ரீரங்கத்தில் நான் 'சிங்கப்பூர்ப் பொண்ணு'தான். சிங்கப்பூர்ப் பெண்ணென்றால் கழுத்தில் நகை கிடக்கும், பெட்டியில் சென்ட்டு பாட்டில் இருக்கும் என்று நினைத்தார்கள். என் பெட்டியில் மூன்று புடவையும் அப்பா கொடுத்த மருந்துப் புட்டிகளும் இருந்தன.

முதல் வருஷம் முடிவதற்குள் அப்பா தோட்டத்து மண் ரோட்டில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். தோட்டத்தில் பாதிச் சம்பளம் என்றார்கள், பிறகு அதுவும் இல்லை என்றார்கள். பள்ளியில் படிக்கும் தம்பிகள் இருவர். எனக்குப் பணம் வருவது நின்றது. படிப்பை விட்டுவிட்டுத் திரும்பி வா என்று அப்பா எழுதினார். நான் போகவில்லை. உங்களிடம் கேட்கவும் இல்லை. ஏன் கேட்கவில்லை என்று பிறகு எத்தனையோ முறை சத்தம் போட்டீர்கள். கேட்டால் கொடுப்பீர்கள். கொடுத்தால் நான் எங்கே போக வேண்டும், எப்போது தாலி கட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வீர்கள். அதனால்தான் கேட்கவில்லை.

வேலை தேடினேன். முதலில் கிடைத்தது, சிரிக்காதீர்கள், மலாய் மொழி சொல்லிக்கொடுக்கும் வேலை. பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் நூர்ஜஹான் அக்கா வீடு. அவருடைய வீட்டுக்காரர் பினாங்கில் கடை வைத்திருந்தார். பிள்ளைகளோடு தானும் அங்கே போக வேண்டும் என்று அக்கா காத்திருந்தார். "அங்க போயி ஊமையா நிக்கக் கூடாதும்மா. மீன்காரன்கிட்ட நானே வெல பேசணும்," என்றார். வாரத்தில் இரண்டு சாயங்காலம் கூடத்துப் பாயில் உட்கார்ந்து மீனுக்கு ஈக்கான், எவ்வளவு என்பதற்குப் பெராப்பா என்று சொல்லிக்கொடுத்தேன். அவருடைய மாமியார் தூணுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்து, எங்களுக்கு முன்னால் பேசக் கற்றுக்கொண்டார்.

அது போதவில்லை. பொருட்காட்சி நடந்த மாதம் ஒரு தேயிலைக் கம்பெனி ஸ்டாலில் நின்று, வருகிறவர்களுக்கு டீ போட்டுக் காட்டினேன். காப்பி குடித்துப் பழகிய பெரியவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, கஷாயம் மாதிரி இருக்கிறதே என்பார்கள். அதற்கும் சிரித்த முகமாக நிற்க வேண்டும். நாள் முழுக்க நின்று கால் வீங்கியது. முதல் தடவையாக என் கையால் ஹாஸ்டல் பணம் கட்டினேன். அன்றைக்கு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பொருட்காட்சி முடிந்ததும் நூர்ஜஹான் அக்காதான் சினிமாக் கொட்டகை வேலையைப் பற்றிச் சொன்னார். பெண்கள் பக்கத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த பெண் பிரசவத்துக்குப் போய்விட்டார். சனி, ஞாயிறு மேட்னிக்கு மட்டும் ஒரு பெண் வேண்டும். ஊரில் உறவினர் உள்ளவர்கள் அந்த இரண்டு நாளும் பகலில் வெளியே போய்வர ஹாஸ்டலில் அனுமதி உண்டு. போய்ச் சேர்ந்தேன்.

அந்த அறையை நீங்கள் உள்ளே வந்து பார்த்ததில்லை. ஒரு முக்காலி, ஒரு மேஜை, கை நுழையும் அளவுக்குச் சுவரில் ஓர் ஓட்டை. எதிரே யார் நிற்கிறார்கள் என்று முகம் தெரியாது, கை மட்டும்தான் வரும். மஞ்சள் பூசிய கை, மருதாணிக் கை, நாற்று நட்டு நகம் கறுத்த கை. லால்குடிப் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் மொத்தமாக எட்டு டிக்கெட் கேட்பார்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, பெரியப்பா. பணத்துக்காகத்தான் போனேன் என்று சொன்னால் நீங்கள் பாவப்பட்டிருப்பீர்கள். பிடித்தும் இருந்தது என்று சொன்னதுதானே உங்களுக்குப் பொறுக்கவில்லை?

யாரோ ஸ்ரீரங்கத்துக்காரர் உங்கள் கடைக்கு வந்து சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு நீங்கள் வந்தீர்கள். ஓட்டைக்குள் திடீரென்று ஓர் ஆண் கை. மோதிரத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன்.

"பாக்கியம், எழுந்து வெளிய வா."

நான் பதில் சொல்வதற்குள் வரிசையில் ஒரு பெண் குரல், "ஐயா, இது பொம்பளைங்க வரிசைங்க. அந்தப் பக்கம் போங்க," என்றது.

"என் தம்பி பொண்ணும்மா உள்ள இருக்கிறது."

"யாரா இருந்தா என்னங்க? உள்ள படம் போட்டுடுவான். நகருங்க."

பின்னாலிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் ஓட்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "பெரியப்பா, படம் ஆரம்பிச்சதும் வரேன். கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்க," என்றேன். ஸ்ரீரங்கத்தில் யாரும் உங்களை நிற்கச் சொன்னதில்லை. வெயிலில் நின்றீர்கள்.

கணக்கை ஒப்படைத்துவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரை நீங்கள் முன்னால் நடந்தீர்கள், நான் பின்னால் வந்தேன்.

"நம்ம வீட்டுப் பொண்ணு கொட்டகையில டிக்கெட் கிழிக்கிறாளாம். கடையில உக்காந்துகிட்டு நான் இதைக் காதால கேட்கணும்."

"கிழிக்கலை பெரியப்பா. கிழிக்கிறவரு கதவுகிட்ட நிப்பாரு. நான் கொடுக்கறேன்."

நீங்கள் நின்றுவிட்டீர்கள். குரல் இறங்கிவிட்டது. "உனக்கு எவ்வளவு வேணும்? நான் தரேன். நாளைக்கே பெட்டியை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துடு. பரீட்சை எழுது. தை பொறந்ததும் நல்ல இடமாப் பார்த்து முடிச்சுடலாம். என் தம்பி அங்க காலொடிஞ்சு கெடக்கான். நான் பார்க்காம யாரு பார்ப்பா?"

நீங்கள் சொன்னதில் பொய் இல்லை. என்மேல் உங்களுக்கு இருந்த அன்பிலும் பொய் இல்லை. ஆனாலும் சொன்னேன். "வேண்டாம் பெரியப்பா. நான் சம்பாதிச்சுப் படிக்கிறேன். இது திருட்டில்ல."

"அப்ப நான் செய்ய வேண்டியதை நான் செய்யறேன்," என்று பஸ் ஏறினீர்கள்.

செய்தீர்கள். மறுநாளே கல்லூரிக்கு வந்து வார்டனிடம் சொல்லிவிட்டீர்கள். வேலையை விடச் சொல்வார்கள், வேறு வழியில்லாமல் உங்களிடம் வருவேன் என்று நினைத்தீர்கள். வார்டன் என்னைக் கூப்பிட்டு, "கௌரவமான குடும்பத்துப் பெண்கள் இருக்கிற இடம் இது," என்றார். வெளியே வேலை பார்க்கக் கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, "எழுதலை. எழுத வேண்டியிருக்கும்னு யாரும் நினைக்கலை," என்றார். வகுப்புக்கு வரலாம், ஹாஸ்டலில் இருக்கக் கூடாது என்று முடிவாயிற்று.

பெட்டியோடு தெருவில் நின்றபோது எனக்கு அழுகை வந்தது. ஸ்ரீரங்கம் பஸ் கண்ணெதிரே வந்து நின்றது. ஏறியிருந்தால் அரை மணியில் பெரியம்மா கையால் சாப்பிட்டிருப்பேன். பஸ் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பெரிய கடைவீதிக்கு நடந்தேன். நூர்ஜஹான் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. "மாடியில ரூம் சும்மாதான் கெடக்கு. எங்க மாமிக்கும் பேச்சுத் துணையாச்சு. கை கால் கழுவிட்டு வா," என்றார்.

துலுக்கர் வீட்டில் இருக்கிறாளாமே, அங்கே சாப்பிடுகிறாளா என்று ஆள் விட்டுக் கேட்டீர்கள். சாப்பிட்டேன் பெரியப்பா. நன்றாகச் சாப்பிட்டேன். பரீட்சை நாட்களில் அந்த மாமிதான் என்னை உலுக்கி எழுப்பிக் கையில் பால் டம்ளரைக் கொடுப்பார்.

பல மாதம் நீங்கள் வரவில்லை, நானும் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓட்டைக்குள் நீண்ட கையோடு பெரியம்மாவின் குரலும் வந்தது. "ரெண்டு டிக்கெட் குடும்மா. வசந்தாவையும் கூட்டிட்டு வந்திருக்கேன்." வசந்தா அப்போது பள்ளிக்கூடம் போகும் உங்கள் சின்ன மகள். பிறகு பெரியம்மா தணிந்த குரலில், "உங்க பெரியப்பா எதுத்தாப்புல சோடாக் கடையில நிக்கிறாரு. நாங்களா படம் பார்க்க வந்ததா சொல்லச் சொன்னாரு. நீ இளைச்சிருக்கியான்னு பார்த்துட்டு வரச் சொன்னாரு. இந்த ஓட்டையில எப்படிப் பார்க்கிறது?" என்றார். நான் இரண்டு டிக்கெட் கொடுத்துக் காசை வாங்கிப் போட்டேன். அறைக்குள் வெகு நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து சோடாக் கடையைப் பார்த்தால் நீங்கள் போய்விட்டிருந்தீர்கள்.

பாஸ் செய்தேன். லால்குடிப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அப்பாவின் கால் ஒருவழியாகத் தேறியது, தம்பிகள் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் இங்கேயே இருந்துவிட்டேன். உங்கள் வீட்டுக்கு வரப்போகத் தொடங்கினேன். நீ செய்தது சரிதான் என்று ஒரு நாளாவது சொன்னீர்களா? இல்லை. கல்லூரிக்குப் போய்ச் சொன்னதற்கு வருத்தப்பட்டீர்களா? அதுவும் இல்லை. நானும் தலை குனியவில்லை. இப்படியும் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் பிரியமாக இருக்க முடியும் என்பதை உங்களிடம்தான் கண்டேன்.

இப்போது இன்றைய சேதி. வசந்தா பி.யூ.சி. முடித்த கையோடு, இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தாள். அங்கே படிக்கும்போதே வார்டில் வேலை செய்ய வேண்டும், அதற்குச் சம்பளம் உண்டு. நீங்கள் படுத்த படுக்கையாக இருந்தபோது இடம் கிடைத்தது. உங்களிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பதினாறாம் நாள் வந்தவர்கள் போன பிறகு கூடத்தில் வைத்துச் சொன்னாள்.

துரைராஜ் அண்ணன் குதித்தார். "சீமையில போயி கண்டவனுக்கும் பெட்பேன் எடுக்கவா அப்பா உன்னை வளர்த்தாரு? அப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அவர் சம்மதித்திருப்பார் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்தார்களோ என்னவோ. செத்தவர் பேரில் பொய் சொல்ல எனக்கு மனசில்லை.

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பாரு. சத்தம் போட்டிருப்பாரு. ஆனாலும் இவ போயிருப்பா," என்றேன்.

வசந்தா எழுந்து நின்றாள். "அண்ணே, அப்பா படுக்கையில கெடந்த அஞ்சு மாசமும் பெட்பேன் நான்தான் எடுத்தேன். அப்ப நீங்க கேவலம்னு சொல்லலையே. நான் போறேன்."

பெரியம்மா மூலையில் உட்கார்ந்திருந்தார். வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்து, "அங்க ரொம்பக் குளிருமாமே. ஸ்வெட்டரு மலைக்கோட்டைப் பக்கம் கெடைக்குமா, மெட்ராஸ்லதான் வாங்கணுமா?" என்றார். அண்ணன் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார்.

நீங்கள் இருந்தால் நாகப்பட்டினத்துக்கு வந்தது போலவே, அவளைக் கப்பலேற்ற முணுமுணுத்துக்கொண்டாவது பம்பாய் வரைக்கும் வந்திருப்பீர்களா? கப்பல் கிளம்பியதும் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி அவளைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருப்பீர்களா? இரண்டையும் செய்யக்கூடியவர்தான் நீங்கள்.

வாக்கு ஒன்று கொடுக்கிறேன், பெரியப்பா. பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டேன். வசந்தாவைப் பம்பாய்க்கு நானே கூட்டிப்போய்க் கப்பல் ஏற்றுவேன். அவள் அங்கே படிப்பாள், வேலையும் பார்ப்பாள், தன் கையால் சம்பாதித்துச் சாப்பிடுவாள். இடையில் யார் அவளைத் திருப்பிக் கூப்பிட்டாலும் முதலில் என்னிடம் பேசியாக வேண்டும். அது நீங்களாகவே இருந்தாலும் சரி.

உங்களோடு இன்னும் சண்டை தீராத,
உங்கள் தம்பி மகள்
தனபாக்கியம்