பூனைக்குக் கட்டிய காப்பு

புதூர்நாடு,
8-6-83, புதன் காலை.

அன்பு மகள் பாஞ்சாலிக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ அங்கே நாக்பூரில் நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், அப்படி நினைக்காவிட்டால் பேனா ஓடாது. உன் கடைசிக் கடிதம் ஏப்ரல் இருபதாம் தேதி போட்டது. விடுதியில் உன் அறையில் இருக்கும் இரண்டு நர்சுகளுக்கு டைபாய்டு, நீதான் அவர்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறாய் என்று அதில் எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு ஏழு வாரமாக ஒரு வரி இல்லை. நான் மூன்று கடிதம் போட்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் கடிதம் கொடுக்கிற போஸ்ட் மாஸ்டர் வீட்டுக்கு ஒரு கார்டு கூட வரவில்லையே என்று பக்கத்து வீட்டுச் செல்லம்மா கேலி பேசுகிறாள். நானும் அவளோடு சேர்ந்து சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

இப்போது எழுத வந்தது உன் பூனையைப் பற்றி. பதறாதே, உயிரோடு இருக்கிறது, என் காலடியில் கூடையில்தான் படுத்திருக்கிறது. ஆனால் மறைத்து வைத்தால் நீ வரும்போது அதன் வயிற்றுத் தையலைப் பார்த்துவிட்டு என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாய், அதனால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை காளியம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டினார்கள். வழக்கம்போல வீட்டில் ஆளுக்கு ஒரு மஞ்சள் நூல். நீ நர்ஸ் படிப்புக்குப் போன வருஷத்திலிருந்து உன் நூலை நடுத்தூணில்தான் கட்டிவருகிறோம். இந்த வருஷம் உன் அம்மா தூணில் கட்டமாட்டேன் என்றுவிட்டாள். கடிதம் வராததிலிருந்தே அவளுக்கு மனசு சரியில்லை. தூணுக்கு உயிரா இருக்கிறது, மூச்சா விடுகிறது, பாஞ்சாலி வளர்த்த பூனை அவள் போர்வையிலேயே படுத்துக் கிடக்கிறது, அவள் காப்பை அதற்கே கட்டுவோம் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்துக்கொண்டே பூனையைப் பிடித்து முடிச்சுப் போட்டவன் நான்தான், அதனால் அவளை மட்டும் குற்றம் சொல்லாதே. புது நூல் கழுத்தை அறுக்குமே என்று அவள் நூல் முழுக்க வெண்ணெய் தடவினாள். காப்பு கட்டிவிட்டால் வீட்டில் கவுச்சி கிடையாது, ஒரு கருவாட்டுத் துண்டு கூட இல்லை, பூனைக்கும் சாமைச் சோறும் மோரும்தான். பசித்துக் கிடக்கும் பூனையின் கழுத்தில் வெண்ணெய் தடவிய நூலைக் கட்டினால் அது என்ன செய்யும் என்று யோசிக்க எங்கள் இரண்டு பேருக்கும் அறிவு இல்லாமல் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை வாந்தி எடுக்க ஆரம்பித்தது. அப்போதுதான் பார்த்தோம், கழுத்தில் நூல் இல்லை. வேலிமுள்ளில் மாட்டி அறுந்திருக்கும் என்று நான் சொன்னேன். உன் அம்மா வேலி முழுக்கத் தேடினாள், மாட்டுக்கொட்டகையில் தேடினாள், சாமைக் குதிருக்குப் பின்னால் விளக்கு வைத்துத் தேடினாள். சனிக்கிழமை தண்ணீர் கூட இறங்கவில்லை, வயிறு கல் மாதிரி இருந்தது. மலச்சிக்கல் என்று நினைத்து நான் ஒரு கரண்டி விளக்கெண்ணெய் ஊற்றினேன், அதற்காகப் பின்னால் வாங்கிக் கட்டிக்கொண்டேன், சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை குதிருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு கூப்பிட்டாலும் வரவில்லை. இழுத்து மடியில் வைத்து வாயைத் திறந்து பார்த்தேன். நாக்குக்கு அடியில் மஞ்சளாகத் தெரிந்தது. நூல் நாக்கின் அடியில் சுற்றிக்கொண்டு மீதி முழுக்க உள்ளே போயிருந்தது. உன் அம்மா அதைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள், பூனை கத்திய கத்தலில் நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உன் காப்பு திருவிழா முடியாமல் அறுந்துவிட்டது, அதைச் சுமந்த உயிரும் போகப் போகிறது, அப்படியென்றால், என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். மேலே அவள் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. எனக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு ராத்திரியே போய், ஜீப் ஓட்டும் அர்ச்சுனனிடம் விடிந்ததும் வரச் சொல்லிவிட்டு வந்தேன் கண்ணு.

திங்கட்கிழமை விடிந்ததும் அர்ச்சுனன் ஜீப்பில் திருப்பத்தூர் கிளம்பினோம். காப்பு கட்டியவர்கள் ஊர் எல்லைக்கு வெளியே தங்கக்கூடாது, சாயங்காலமே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் போனோம். கூரைக்கு ஓடு போட நீ மார்ச்சில் அனுப்பிய பணத்தில் இருநூறு ரூபாய் எடுத்துக்கொண்டேன். நம் மலை ஆபீசில் தந்தி வசதி இல்லையே, அதனால் அதிலேயே உன் விடுதிக்குப் பதிலுக்கும் சேர்த்துப் பணம் கட்டி ஒரு தந்தி கொடுத்துவிடுவது என்றும் வைத்திருந்தேன். திருப்பத்தூரில் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருக்கும் மாட்டு டாக்டர் ஒருவர். முதலில் பூனைக்கா என்று கேட்டார், பிறகு நாக்கைத் தூக்கிப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. உடனே வயிற்றைத் திறக்க வேண்டும், நாளைக்கு என்றால் இருக்காது என்றார். விளக்கெண்ணெய் ஊற்றினேன் என்று சொன்னதும் பிடித்தார் பார், நூல் ஒரு பக்கம் மாட்டிக்கொண்டிருக்கும்போது குடலை வேலை செய்ய வைத்தால் அது அறுத்துக்கொண்டு போகாதா, படித்தவர்தானே நீங்கள் என்று. மாடு ஆடு என்றால் தைரியமாகச் செய்வேன், பூனைக்குக் கல்லூரியில் செய்ததோடு சரி, மயக்க மருந்திலேயே போனாலும் போகலாம், சம்மதமா என்றார். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் பூனைக் கூடையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

சீட்டில் எழுத டாக்டரின் ஆள் பெயர் கேட்டான். நாம் அதற்குப் பெயர் வைக்கவே இல்லையே, நான் முழித்துக்கொண்டு நின்றேன். உன் அம்மா பட்டென்று பாஞ்சாலி என்றுவிட்டாள். அந்த ஆள் எழுதி என் கையில் கொடுத்தான். பாஞ்சாலி, வயது ஐந்து, வயிற்று ஆபரேஷன். அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு மருந்துக் கடைக்கு நடக்கும்போது என் கண்ணுக்கு வயது ஐந்து தெரியவில்லை, உன் பெயரும் ஆபரேஷனும்தான் தெரிந்தது. மயக்க ஊசி, குடலைத் தைக்கிற நூல், குளுக்கோஸ் பாட்டில் என்று ஒன்று மாற்றி ஒன்று. ஒவ்வொரு தடவையும் கடைக்காரன் பாஞ்சாலிக்கு யார் என்று சத்தமாகக் கேட்டுக் கேட்டுக் கொடுத்தான். ஒன்றரை மணி நேரம் உள்ளே இருந்தார் டாக்டர். நீ நர்ஸ், உனக்குப் புரியும், பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே அப்படிக் குடல் முழுக்கச் சுருங்கிக் கிடந்ததாம், மூன்று இடத்தில் வெட்டி நூலைத் துண்டு துண்டாக எடுத்தாராம். அந்தத் துண்டுகளை எறியப் போனவனிடம் உன் அம்மா வாங்கிக் கழுவி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆபரேஷனுக்கும் மருந்துக்கும் சேர்த்து நூற்று எண்பத்தெட்டு ரூபாய் ஆகிவிட்டது. ஒரு பூனைக்கு இவ்வளவு ஆகும் என்று யார் நினைத்தார்கள். கையில் பன்னிரண்டு ரூபாய் மிச்சம். சரி, தந்திக்குப் போதும் என்று தபால் ஆபீஸ் பக்கம் திரும்பினேன். அதற்குள் ஆள் ஓடிவந்து சூடு ஏறிவிட்டது, இன்னொரு ஊசி வேண்டும் என்று சீட்டைக் கொடுத்தான். விலை பதினொன்று சொச்சம். ரோட்டில் நின்றுகொண்டு உன் அம்மாவிடம் சொன்னேன், ஒன்று ஊசி, இல்லை என்றால் தந்தி, இரண்டுக்கும் பணம் இல்லை என்று. அவள் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு, “தந்தி வாணாங்க. ஊசியே வாங்குங்க. இது பொழைச்சா நம்ம பொண்ணு நல்லாக்கீறான்னு நான் தெரிஞ்சிக்கிறேன்” என்றாள். நானும் வாங்கினேன். ஜீப்பில் அர்ச்சுனனிடம் பத்து ரூபாய் கேட்டிருக்கலாம், இப்போது தோன்றுகிறது. கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், தந்தி கொடுத்தால் பதில் வருமே என்ற பயம் எனக்கும் இருந்தது.

அன்றைக்குப் பூனையை அசைக்கக் கூடாது என்றுவிட்டதால் அங்கேயே தங்கவேண்டியதாயிற்று. காப்பு போயிற்று. நேற்று சாயங்காலம் ஊருக்குள் வந்தபோது ஊர்க்கவுண்டர் சின்னதம்பி எங்களுக்காகவே காத்திருந்தார். நல்ல மனுஷன், திட்டவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னா தபாலு, பூனைக்காவ காப்ப ஒடைச்சிக்கினு போனன்னா ஊரே சிரிக்கும். பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லன்னு தந்தி குடுக்கப் போனேன்னு சொல்லிடு, ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டாங்க” என்றார். எனக்கு நல்லது செய்யத்தான் சொன்னார். ஆனால் உனக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பொய்க்காகக் கூட என் வாயால் சொல்ல வரவில்லை கண்ணு. இல்லைங்க, பூனைக்காகத்தான் போனேன் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். இரண்டு படி சாமையும் ஒரு தேங்காயும் அபராதம். வருகிற வெள்ளிக்கிழமை உன் அம்மா பொங்கல் பானை எடுக்கக் கூடாது, எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிட்டுக்கொள்ள வேண்டும். அவள் அதற்கு வருத்தப்படவில்லை. வந்ததும் முந்தானையில் முடிந்த நூல் துண்டுகளை எல்லாம் முடிச்சுப் போட்டு ஒன்றாக்கி நடுத்தூணில் கட்டிவிட்டாள்.

மற்றபடி இங்கே பலா நன்றாகக் காய்த்திருக்கிறது, செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி. ஓடு அடுத்த வருஷம்தான், இந்த மழைக்குப் பழைய கூரையையே வேய்ந்துகொள்கிறோம், உன் பணத்தை இப்படிச் செலவு செய்ததற்கு என்மேல் கோபம் இருந்தால் அதையாவது எழுது. பூனை இன்று காலை இரண்டு சொட்டுப் பால் நக்கியது, ஆனால் உடம்பு இன்னும் சுடுகிறது, ஐந்து நாள் தாண்டினால்தான் சொல்லமுடியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பத்து நாளில் தையல் பிரிக்க வேண்டுமாம், நூலை எந்தப் பக்கம் வெட்டி இழுக்க வேண்டும் என்று நீ எழுதினால் நானே பிரித்துவிடுவேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடி. மற்றவர்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடு, வேண்டாம் என்று சொல்லவில்லை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

இன்னொன்று சொல்லவேண்டும். நேற்று ஜீப்பில் பூனையோடு தபால் பையும் வந்தது. என் காலுக்கு நடுவில் வைத்துத்தான் கொண்டுவந்தேன். பதினாறு வருஷத்தில் வந்த பையை அன்றைக்கே அவிழ்க்காமல் வைத்தது இதுதான் முதல் தடவை. முத்திரையோடு மேசைமேல் இருக்கிறது. நம் மலைக்குத் தந்தி வந்தாலும் அந்தப் பையில்தான் வரும். உன் அம்மா அதைத் தாண்டித் தாண்டிப் போகிறாள், ஏன் அவிழ்க்கவில்லை என்று கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை முடித்து ஒட்டிய பிறகுதான் அதைத் தொடப் போகிறேன், முதலில் அதை அவிழ்த்துவிட்டால் இதை எழுத முடியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

காளியம்மன் உன்னைக் கண்போலக் காப்பாற்றட்டும். அம்மா உன் தலையைத் தடவினதாக எழுதச் சொன்னாள். இதைக் கண்டதும் ஒரு வரி போடு, நலம் என்ற ஒரு சொல் போதும். எவ்வளவு முடியாமல் இருந்தாலும் வேறு யாரையும் எழுதச் சொல்லாதே, உறைமேல் விலாசத்தையும் நீயே எழுது. வேறு கையெழுத்தைப் பார்த்தால் எனக்குப் பிரிக்கத் தைரியம் வராது அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா,
வேடியப்பன்