சத்தம் நீக்கிய வீடியோ

மஸ்கட்

அப்பாவுக்கு பிரேம்நாத் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டிவலி கம்மியாகிவிட்டதா?

ஆம்பூர் பட்டறையில் நீங்கள் பெல்ட் தைக்கும் வீடியோவை நம் வெப்சைட்டில் போட்டுவிட்டேன். நீங்கள் அனுப்பிய ஃபைல் எல்லார் போனிலும் திறக்காது. அதனால் எம்.பி.ஃபோராக மாற்றினேன். சீக்கிரம் ஓடட்டும் என்று சத்தத்தையும் எடுத்துவிட்டேன். என் போனில் இடமில்லாததால் நீங்கள் அனுப்பிய பழைய ஃபைலை அழித்தேன்.

நேற்று அதை மெஸ்ஸில் பார்த்துக்கொண்டிருந்தேன். வாணியம்பாடி தோஸ்த் ஒருவன், "இன்னாடா, ஊமைப்படம் பாக்குற?" என்றான். சிரித்துவைத்தேன். தையல் சத்தத்துக்கு நடுவே அம்மா, "சோறு ஆறிப்போவுது, வாங்க" என்று கூப்பிட்டது பிறகுதான் ஞாபகம் வந்தது.

உங்கள் போனிலும் அந்தப் பழைய வீடியோ இல்லையென்றால், சாப்பாட்டு வேளையில் மறுபடி எடுத்து அனுப்புங்கள். வெப்சைட்டுக்கு அல்ல.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. அம்மா கூப்பிட்டதும் உடனே எழுந்துவிடாதீர்கள், இன்னொரு தடவை கூப்பிடட்டும்.

பிரேம்நாத்