லிங்கன் மேட்டில் நீங்கள் காட்டாமல் விட்ட வீடு

அன்பு மச்சானுக்கு, உங்கள் கபர்க்குழியில் வெளிச்சம் குறையாதிருக்கட்டும் என்ற துஆவோடு நூரு எழுதுகிறேன்.

முதலில் ஒரு சண்டை. அந்த மேட்டை ஒரே மூச்சில் ஏறிவிடுவேன் என்று நீங்கள் அளந்ததெல்லாம் பச்சைப் பொய். பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷன் படியிலேயே பாதியில் குனிந்து, ஷூ லேஸ் கட்டுவது போல மூச்சு வாங்கிய மனிதர் நீங்கள். நான் போய்ப் பார்த்துவிட்டேன் மச்சான். அமெரிக்காவுக்கு வருவதற்கு முன்னால் நீங்கள் ஆறு மாதம் வேலை பார்த்த அதே இங்கிலாந்து லிங்கனுக்குப் போய், அந்த மேட்டை என் இரண்டு பாழாய்ப்போன முழங்காலோடு ஏறிவிட்டு வந்தேன். ஏழு இடத்தில் நின்றேன், ஒளிக்க மாட்டேன்.

நீங்கள் மவுத்தாகி மூன்று வருஷம் ஆகிறது. இந்தக் கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் வழியில் லண்டனில் நான்கு நாள் இறங்கினோம், நானும் ரிஹானாவும். உங்கள் மகளுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் திட்டினால் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். மேட்டின் நடுவில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லாஹ், இவ்வளவு செங்குத்தாவா கட்டி வெச்சிருக்கானுங்க?" என்றேன். "உம்மா, இட்ஸ் லிட்ரலி கால்ட் ஸ்டீப் ஹில்" என்றாள். உங்கள் வாய் அப்படியே வந்திருக்கிறது.

நீங்கள் சொன்னது எல்லாம் இருந்தது. ரோமானியர் கட்டிய வளைவுக்குக் கீழே இன்னும் கார் போகிறது. மேட்டின் உச்சியில் ஒரு பக்கம் கோட்டை, எதிரே அந்தப் பெரிய தேவாலயம். ஒரு காலத்தில் உலகத்திலேயே உயரமாக இருந்த அதன் கூர்முனை, புயலில் விழுந்த பிறகு அவர்கள் திரும்பக் கட்டவே இல்லையாம். தூணுக்கு மேலே காலைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு சிரிக்கும் கல் குட்டிச்சாத்தானையும் ரிஹானாதான் கண்டுபிடித்தாள். எனக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

ஆனால் நான் போனது இதற்கெல்லாம் இல்லை. உங்களுக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து ஒன்றில், இரட்டைக் கோபுரம் விழுந்த அந்தச் செப்டம்பருக்குப் பிறகு ஒரு நாள், ஆபீசிலிருந்து வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் மேனேஜர் கழுத்து பேட்ஜில் ஷாகுல் ஹமீது என்பதை எடுத்துவிட்டு ‘ஷான்’ என்று போடலாமே என்றாராம். நல்ல மனிதர், நல்லதுக்குத்தான் சொன்னார் என்றீர்கள். நீங்கள் முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தீர்கள். நான்தான் உங்கள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"ஒரு பேட்ஜ்தானே மச்சான்? வூட்டுக்குள்ள நீங்க ஷாகுல்தானே? புள்ளைய நெனச்சுப் பாருங்க."

"லிங்கன்ல ஒரு வீடு இருக்கு நூரு. ஒரு நாளு கூட்டிட்டுப் போயி அது வாசல்ல நிக்க வைக்கிறேன். அதுக்கப்புறமும் நீ மாத்தச் சொன்னா மாத்திக்கிறேன்."

இதைத்தான் சொன்னீர்கள். பேச்சை மாற்றுகிறீர்கள் என்று நினைத்து இரண்டு நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

அந்த வீட்டுக்கு எனக்கு முதலில் துப்புக் கொடுத்தது தேவாலயத்தில் இருந்த ஒரு சின்னப் பலகை. ஒரு குழந்தையின் பழைய சமாதிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரில் ஒரு சிறுவன் இறந்து கிடந்திருக்கிறான். யூதர்கள்தான் கொன்றார்கள் என்று கிளப்பிவிட்டு, பிடித்துக்கொண்டு போய்ப் பலரைத் தூக்கிலிட்டிருக்கிறார்கள். ஒரு தலைமுறை கழிவதற்குள் மிச்சம் இருந்த யூதர்களையும் நாட்டைவிட்டே துரத்திவிட்டார்கள். அந்தக் கதை புளுகு, அது எங்களுக்குத்தான் அவமானம் என்று அந்தத் தேவாலயமே எழுதி மாட்டியிருக்கிறது. ரிஹானா இரண்டு தடவை படித்தாள்.

"ஸோ தே ஜஸ்ட் மேட் இட் அப்?"

"ஆமா."

"அண்ட் எவ்ரிபடி பிலீவ்ட் இட்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இறங்கும்போதுதான் அந்த வீட்டைப் பார்த்தோம். ஏறும்போது மூச்சு வாங்கியதில் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். கல் வீடு, வளைந்த வாசல், எண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். கீழே சாப்பாட்டுக் கடை நடக்கிறது. அதன் பெயர் என்ன தெரியுமா என்று உங்களிடமே கேட்கிறேன் பாருங்கள்! யூதர் வீடு. ஆட்களைத் துரத்தினார்கள், சொத்தைப் பிடுங்கினார்கள், பெயரை மட்டும் அந்த ஊர் வாயிலிருந்து எடுக்க முடியவில்லை. வழி கேட்டால் இன்றைக்கும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். நான் அந்த வாசலில் நின்று அழுதேன் மச்சான். துக்கத்தில் இல்லை, கோபத்தில்.

ஏன் அன்றைக்கே இதை விளக்கிச் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் கெஞ்சியிருக்க மாட்டேனே? இல்லை, சொன்னால் நான் இன்னும் பயந்துவிடுவேன் என்று நினைத்தீர்களா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளம்புவதற்கு முன்னால், சிட்டிசன்ஷிப் ஃபார்மைப் பென்சிலில் நிரப்பி மேஜை டிராயரில் வைத்திருந்தேன். ஹூஸ்டனில் கடை வைத்திருக்கும் என் தம்பி கபீர்தான் போனில் சொல்லிக்கொடுத்தான்.

"லாத்தா, பேரு மாத்தணுமான்னு ஒரு கேள்வி வரும். ‘எஸ்’ போட்டுட்டு அந்த ஷாகுல் ஹமீதைத் தூக்கிரு. ‘நூர்’னு மட்டும் வெச்சுக்க, அழகா இருக்கும். ஏர்போர்ட்ல இனிமே உன்னை ஓரமா உக்கார வைக்க மாட்டானுங்க. ரிஹானா காலேஜ் அப்ளை பண்ற நேரம் வேற."

அவன்மேல் தப்பில்லை. அவன் கடையில் அவன் பெயர் ‘கெவின்’. நானும் ‘எஸ்’ கட்டத்தில் டிக் போட்டிருந்தேன். உங்கள் பெயரை என் கையாலேயே எடுக்கத் துணிந்திருந்தேன்.

ஊரிலிருந்து பிஸ்கட்டவே வீட்டுக்குத் திரும்பியதும் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அந்த டிக்கை அழித்தேன். பேப்பர் கிழியும் அளவுக்கு அழித்தேன். புது ஃபார்ம் எடுத்து, பேனாவில் ‘நோ’ போட்டு அனுப்பினேன். கபீர் ஒரு வாரம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், பெருநாளுக்குப் பிரியாணி கேட்டு அவனே கூப்பிடுவான்.

போன வாரம் இண்டர்வியூ. எதிரே இருந்த அம்மா, பெயரை மாற்ற விருப்பமா என்று கேட்டார். நோ, அது என் வீட்டுக்காரர் பெயர் என்றேன். சண்டைக்குத் தயாராக வேறு நான்கு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அந்த அம்மா "ஓகே மேம்" என்று தலையைக்கூட நிமிர்த்தாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இந்த ஒரு சொல்லுக்கா அந்த பேட்ஜ் நாளிலிருந்து நான் ஆறு வருஷம் பயந்தேன்?

ஏர்போர்ட்டில் இனியும் ஓரமாக உட்கார வைப்பார்கள். வைக்கட்டும். தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டு போவேன், நேரம் போய்விடும்.

அடுத்த மாதம் சத்தியப்பிரமாணம். பெயர் படிக்கும்போது தடுமாறுவார்கள், பாதியை முழுங்குவார்கள். முழுசாகச் சொல்லும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன் மச்சான். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. பக்கத்தில் ரிஹானா வெட்கத்தில் நெளிவாள், நெளியட்டும். அவள் கல்லூரி விண்ணப்பத்தில் தன் பெயரை எப்படி எழுதியிருக்கிறாள் என்று நேற்று எட்டிப் பார்த்தேன். யாரும் சொல்லாமலே முழுசாக எழுதியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு எழுத்தும் குறையாமல் உங்கள் மனைவி,
நூர்ஜஹான் ஷாகுல் ஹமீது