பீரோவுக்கு நடை திறந்த நாள்

டீச்சர்,

இன்று மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, அடுப்பை மறுபடி பற்றவைத்து மைதாப் பசை கிண்டினேன். வேப்பிலை போட்டுக் கொதித்த தண்ணீர், அதில் மைதா, கட்டி தட்டாமல் கிண்ட அதே பழைய கரண்டி. நீங்கள் போன பிறகு நம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அந்த வாசனை எழுந்தது இன்றுதான். கசப்பும் மாவுமாக அது மூக்கில் ஏறியதும், வாசற்படியில் நீங்கள் நிற்கிறீர்கள் என்றே நினைத்துத் திரும்பிவிட்டேன். "அஞ்சல, பசைக் கஞ்சி ரெடியா?" என்று கேட்பீர்களே, அதே இடம். ஒரு காக்கைதான் நின்றிருந்தது. அதுவும், இன்னா சமைக்கிறே, சோறு மாதிரி இல்லியே என்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

முதல் தடவை நீங்கள் பசை கேட்டு வந்தபோது, போஸ்டர் ஒட்டுகிறவர்கள் போடும் மயில்துத்தத்தைக் கலக்கட்டுமா, பூச்சி அரிக்காது என்றேன். "ஐயய்யோ, பிள்ளைங்க கை வாய்க்குப் போவும் அஞ்சல" என்று பதறினீர்கள். வேப்பிலை யோசனை அப்புறம் வந்தது. அதற்கே பெரிய பட்டம் கொடுத்தீர்கள்: "இனிமே நீயும் இங்கிலீஷ் டீச்சர்தான்."

"சரி, நாளைலேர்ந்து நான் கிளாசுக்குப் போறேன், நீங்க சாம்பார் வையுங்க" என்றேன். "வேணாம், பிள்ளைங்க பாவம்" என்றீர்கள். உங்கள் சாம்பாரைச் சொன்னீர்களா, என் இங்கிலீஷைச் சொன்னீர்களா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை.

நான் மூணாவதோடு நின்றவள். இந்த மடலையே நாலு இடத்தில் அடித்துத் திருத்தித்தான் எழுதுகிறேன். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் நம்பர். அது இங்கிலீஷே இல்லை என்று சொல்லிச் சிரித்தவர் நீங்கள். ஒரே வயசுக்காரர்கள் நாம். உங்களுக்கு முன்னால் எனக்கு நரைத்தது என்று நீங்களும், எனக்கு முன்னால் உங்களுக்குக் கண்ணாடி வந்தது என்று நானும் மாற்றி மாற்றிக் கிண்டல் செய்துகொண்டோம்.

நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கையில் ஒரு கோணிப்பை இருக்கும். ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வந்த மறுநாளே செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு மலை சுற்றக் கிளம்பிவிடுவார்கள். அவர்களுடைய சாக்ஸ் அனாதையாகிவிடும். அந்த சாக்ஸ், ஓட்டல்களில் தேய்ந்துபோன மெனு அட்டை, பாதி கிழிந்த படப் புத்தகம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வருவீர்கள். "இன்னா டீச்சர், ஊரே சாமிக்காக சுத்துது, நீங்க சாக்ஸுக்காக சுத்துறீங்க" என்பேன். "நீ பேசாம தொவைச்சுப் போடு" என்பீர்கள். துவைத்தேன். பள்ளிக்கூடத்துக் கொடியில் கலர் கலராகக் காய்ந்தது. சாக்ஸுக்குப் பொத்தானில் கண், சிவப்புத் துணியில் நாக்கு. கையில் மாட்டினால் அது பேசும். தானாகப் பேச வெட்கப்பட்ட பிள்ளைகள், சாக்ஸ் பேசினால் நமக்கென்ன என்று இங்கிலீஷ் பேசினார்கள்.

மெனு அட்டையை வைத்து வகுப்பையே ஓட்டலாக்கினீர்கள். நான்தான் கஸ்டமர். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களுக்குப் பிள்ளைகள் நீர்மோர் கொடுத்து, ஆளுக்கு ஒரு கேள்வி இங்கிலீஷில் கேட்டு, பதிலை எழுதிச் சுவரில் ஒட்ட ஒரு பேப்பர் நடத்தினார்கள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு ஒரு வெள்ளைக்காரர் 'ஒன்றுமில்லை' என்றார். விரதமாக இருந்திருப்பார். நம் பிள்ளைகள் அவரை உட்காரவைத்துப் புளிசாதம் போட்டுவிட்டார்கள். மறுநாள் பேப்பரில் அதுதான் தலைப்புச் செய்தி.

ஆனாலும் உங்கள் மூளையின் உச்சம் முட்டை அட்டைதான். சத்துணவு முட்டை வரும் அந்தக் குழிக்குழி அட்டை. ஒவ்வொரு குழியிலும் ஒரு காகித உருண்டை. உருண்டையைப் பிரித்தால் உள்ளே ஓர் இங்கிலீஷ் சொல். கண்ணை மூடிக்கொண்டு மூன்றை எடுக்க வேண்டும், மூன்றையும் சேர்த்து ஒரு கதை கட்ட வேண்டும். கட்டிய கதையை வகுப்பில் சொல்லக்கூடாது. சமையல்கட்டு வாசலுக்கு வந்து எனக்குச் சொல்ல வேண்டும், இங்கிலீஷில்தான். கை காலை ஆட்டலாம், படம் போடலாம், தமிழ் மட்டும் கூடாது. நான் அந்தக் கதையைத் தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டால் பிள்ளை பாஸ்.

"அதிகாரிங்க கேட்டா இன்னா சொல்வீங்க? பரீட்சை வைக்கறது ஆயாவா?" என்று கேட்டேன்.

"இங்கிலீஷ் தெரிஞ்சவங்க பாதி கேட்டதும் புரிஞ்சுதுனு தலையாட்டிடுவாங்க. நீ ஆட்ட மாட்டே" என்றீர்கள்.

அப்போதுதான் பச்சையம்மா வந்தாள். நாலாவதில் சேர்ந்த பிள்ளை. தமிழிலேயே எண்ணி எண்ணிப் பேசுவாள், இங்கிலீஷ் வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். சாக்ஸ் மாட்டினாலும் அந்த சாக்ஸும் ஊமையாகிவிடும். நீங்கள் ராத்திரி தூங்கவில்லை என்று மறுநாள் உங்கள் கண்ணைப் பார்த்தாலே தெரியும். அவளுக்கு வந்த உருண்டைகள் காக்கை, குடை, பஸ். வாசலில் வந்து நின்று பாவாடையைத் திருகிக்கொண்டு முணுமுணுத்தாள். கையை இறக்கைபோல் அடித்தாள். கூன் போட்டுக் கிழவியாக நடந்தாள். குடையை நீட்டுவதுபோல் காட்டினாள். காக்கை பஸ்ஸில் வந்த கிழவிக்குத் தன் குடையைக் கொடுத்தது என்பது எனக்கு நன்றாகவே விளங்கியது.

"ஓகோ, காக்கா கெழவியோட குடையைத் திருடிக்கினு ஓடிப்போச்சா? அடப்பாவி காக்கா!" என்றேன்.

அவள் முகம் சிவந்தது. "நோ!" என்று ஒரு கத்தல். "நோ திஃப்! க்ரோ குட்! க்ரோ கிவ்! அம்ப்ரெல்லா கிவ்!"

"அப்போ கெழவிதான் திருடியா?"

"நோ ஆயா, நோ! ஓல்டு லேடி குட்! ஆல் குட்!" என்று காலை உதைத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தீர்கள். சிரித்தீர்களா, அழுதீர்களா, தெரியவில்லை. அப்புறம் நான் கேட்டேன், அவள் பேசினதில் தப்பு ஜாஸ்தியோ என்று. "பேசினதைத் திருத்திக்கலாம் அஞ்சல. பேசாததை எதை வச்சுத் திருத்தறது?" என்றீர்கள். கூடவே விரலை ஆட்டி, "நீ வேணும்னே தானே தப்பா சொன்னே?" என்றீர்கள்.

"எனக்கு இன்னா தெரியும் டீச்சர், நான் மூணாவது" என்று ஓடிவிட்டேன்.

அப்படி எத்தனையோ வருஷம் போன பிறகு, ஓர் அரையாண்டு லீவுக்கு வீட்டுக்குப் போனீர்கள். போகும்போது, காலி முட்டை அட்டையை எடைக்குப் போட்டுவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். லீவு முடிந்தது. பிள்ளைகள் வந்தார்கள், முட்டை வந்தது, நெஞ்சு வலி உங்களைக் கொண்டுபோன செய்தியும் வந்தது. அட்டையை மட்டும் நான் போடவில்லை. அரிசி மூட்டைக்குப் பின்னால் அடுக்கிக்கொண்டே வந்தேன்.

புது டீச்சர் வேங்கிக்கால் பக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறது. சின்னப் பெண், நல்ல பெண். வந்த வாரமே உங்கள் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு, கீழே ஒரு கண்ணாடி பீரோ வைத்தது. சாக்ஸ் பொம்மை, மெனு அட்டை, பௌர்ணமி பேப்பர், முட்டை அட்டை எல்லாவற்றையும் தூசி தட்டி உள்ளே அடுக்கிப் பூட்டியது. "அவங்க கையால செஞ்சது அக்கா. போனா திரும்பி வருமா?" என்றது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. சரிதான் என்றே நினைத்தேன்.

அப்புறம்தான் சமையல்கட்டு வாசல் எவ்வளவு காலி என்று தெரிந்தது. சாப்பிட்டுத் தட்டைக் கழுவிப் போகிறார்கள். கதை சொல்ல ஒருத்தரும் இல்லை. வகுப்பில் எல்லோரும் சேர்ந்து படிக்கும் சத்தம் கேட்கிறது, ஒற்றைக் குரல் கேட்பதில்லை. பீரோவைத் துடைப்பது என் வேலை. தினமும் கண்ணாடியில் மூக்குத் தடம். சின்னச் சின்ன வட்டமாக, மூச்சின் ஆவி படிந்த தடங்கள். துடைப்பேன், மறுநாள் மறுபடி இருக்கும். எல்லாவற்றிலும் தாழ்வாக ஒரு தடம், மூணாவதில் படிக்கும் தர்ஷினியுடையது. அந்தப் பிள்ளையும் பச்சையம்மா ஜாதிதான், வாய் திறக்காது.

இந்த வாரம் நான் துடைக்கவில்லை. இன்று காலை புது டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாருங்க, எத்தினி மூக்கு."

"துடைக்கலியாக்கா?"

"அண்ணாமலையாருக்கே காலைல நடை தெறந்து ராத்திரி சாத்துறாங்க. உங்க பீரோவுக்கு மட்டும் நடை தெறக்கற நேரமே இல்லியா டீச்சர்?"

சிரித்தது. அந்தச் சிரிப்பு பாதியில் உடைய, அந்தப் பெண் கீழே உட்கார்ந்துவிட்டது. "பயமா இருக்குதுக்கா. அவங்க மாதிரி எனக்கு வராது. இதைத் தெறந்தா அது எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்றது.

டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மானத்தை வாங்கிவிட்டேன். "அவங்களுக்கு மட்டும் வந்துதாக்கும்? மொத நாடகத்துலயே சாக்ஸ் பொம்மை கைய விட்டுக் கழண்டு கழுநீர்த் தொட்டியில விழுந்துது. ராஜா வேஷம் வேற. பிள்ளைங்க உருண்டு சிரிக்குதுங்க. இவங்க மூஞ்சி செத்துப்போச்சு. அப்புறம் அதைச் சொட்டச் சொட்டத் தூக்கி, 'தி கிங் ஈஸ் டேக்கிங் எ பாத்'னாங்க. அன்னைக்கு இந்தப் பள்ளிக்கூடமே அதைச் சொல்லிக்கினு வீட்டுக்குப் போச்சு" என்றேன். புது டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தது.

முட்டை அட்டையை வெளியே எடுத்ததும் பிள்ளைகள் ஈ மாதிரி மொய்த்தார்கள். தர்ஷினி கை வைத்த இடத்தில் மக்கிப்போன அட்டை பிய்ந்தது. ஓர் உருண்டை, உங்கள் கையெழுத்து உள்ளே இருக்கிற உருண்டை, பிரிக்கும்போதே ரெண்டாகக் கிழிந்தது. பிள்ளைகள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். புது டீச்சர் என்னைப் பார்த்தது. பொய் சொல்ல மாட்டேன், பிடுங்கி மறுபடி உள்ளே வைக்கலாமா என்று கை பரபரத்தது. அப்போதுதான் நீங்கள் சொன்னது நினைவு வந்தது. கிழிந்த அட்டைகளை நான் ஒட்டித் தரும்போதெல்லாம் சொல்வீர்கள்: "கிழிஞ்சிருந்தா யாரோ படிச்சிருக்காங்கனு அர்த்தம்."

அரிசி மூட்டையை நகர்த்தினேன். தலைக்குமேல் அடுக்கியிருந்த முட்டை அட்டைகளைப் பார்த்துப் புது டீச்சர் வாயில் கை வைத்துக்கொண்டது. அதற்குத்தான் இன்றைய பசை. பிய்ந்த அட்டையைப் புது அட்டையின் மேல் ஒட்டினோம். பிள்ளைகள் புதுச் சொற்கள் எழுதி உருண்டை பிடித்தார்கள். உங்கள் எழுத்தும் அவர்கள் எழுத்தும் இப்போது ஒரே அட்டையில் கிடக்கின்றன.

மூன்று மணிக்கு வாசலில் நிழல். தர்ஷினி. பாவாடையைத் திருகவில்லை, பிள்ளைகள் இப்போது சுடிதார் போடுகிறார்கள், அதன் ஓரத்தைத் திருகியது. யானை, சோப்பு, நிலா என்று கையில் பிரித்த காகிதங்கள். காற்று மாதிரி ஒரு குரல். யானை தன் சோப்பை நிலாவுக்குக் கொடுத்ததாம், நிலா அழுக்காக இருந்ததாம்.

நான் மூச்சை இழுத்துக்கொண்டு, "ஓ, யானை நிலாவைத் தின்னுடுச்சா?" என்றேன்.

"நோ!" என்றது.

பழக்கத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். விரலை ஆட்ட ஆள் இல்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் இத்தனை பிள்ளைகள் சொன்ன கதைகளைக் கேட்டுக் கேட்டு, எனக்கு இங்கிலீஷ் புரிய ஆரம்பித்து ரொம்ப நாளாகிறது. மலை சுற்றுகிற வெளிநாட்டுக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு போவதுகூடப் பாதிக்கு மேல் புரிகிறது. உங்களிடம் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. புது டீச்சரிடமும் சொல்லப்போவதில்லை. சொன்னால் என் வேலை போய்விடும்.

நாளை தர்ஷினி மறுபடி வரும், அந்த நிலா விளங்குகிறவரை விடாதாம். வரட்டும். எனக்கு ஒன்றும் புரியாது டீச்சர், நான் மூணாவது.

உங்கள்
அஞ்சலை