ஏரியை விட்டுப் போன அரவர்

போன வாரம் மூலக்குளத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு ஹார்டுவேர் கடைக்குக் குழாய் வாங்கப் போனேன். உள்ளே நுழைந்ததும் பெயின்ட், டர்பன்டைன், தேங்காய்நார்க் கயிறு எல்லாம் கலந்த அந்த வாசனை. கடைக்காரர் "இன்னா சைஸ்மா?" என்று இரண்டாம் முறை கேட்டபோதுதான் நான் பதில் சொல்லாமல் நிற்பது எனக்கே தெரிந்தது. துக்கம் என்று சொல்ல முடியாது. வில்லியனூரில் உன் அப்பாவின் ஹார்டுவேர் கடைக்குப் பின்னாலிருக்கும் குடோனுக்குக் கவனம் போய்விட்டது, அவ்வளவுதான்.

அந்தக் குடோனில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாம் விளையாடியதை வெளியாட்களுக்கு விளக்குவது எப்போதும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கிறது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, இப்போது நான் இதைச் செய்கிறேன் என்று சொல்வார்கள். முடியுமா முடியாதா என்பதைப் பகடை சொல்லும். பெங்களூரு வேலையில் இருந்தபோது நீ இதைக் கற்றுக்கொண்டாய். வேலையை விட்டு அப்பாவின் கடைக்குத் திரும்பியபோது இருபது முகமுள்ள ஒரு பகடையும் உன்னோடு வந்தது. கல்லூரியில் நம்மோடு படித்த சுகந்தி பாகூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். நான் சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளில் வருவேன். பெயின்ட் டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவோம்.

மற்ற இடங்களில் இந்த விளையாட்டில் வாளும் மந்திரமும் இருக்குமாம். நீ அதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு அரவர்களை உண்டாக்கினாய். இடுப்புக்கு மேல் மனிதர், கீழே பாம்பு. பாகூர் ஏரி மாதிரி ஒரு பெரிய ஏரிக்கரையில் இருந்தவர்கள். ஏரி வற்றியதும் ஊர் ஊராகப் பிரிந்து போகிறார்கள். "இவங்க சண்ட போடுற கூட்டம் இல்லப்பா. எடம் மாறுற கூட்டம்" என்றாய். புது இடத்துக்குப் போன அரவருக்கு முதல் தடவை சட்டை உரியும்போது அந்த இடத்துக்குத் தேவையான ஒன்று உடம்பில் வரும். பதிலுக்கு ஏற்கெனவே இருந்த ஒன்றை விட்டுவிட வேண்டும். எதை விடுவது என்பதை விளையாடுபவர் சொல்ல வேண்டும். என்னுடைய அரவப் பெண் உப்பளத்துக்குப் போனாள். கண்ணுக்கு இரண்டாவது இமை வந்தது. நீந்தும் வேகத்தை விட்டுவிட்டாள். சுகந்தியின் ஆள் ஊருக்குள் வந்து செங்கல் சூளையில் வேலைக்குச் சேர்ந்தான். சூடு தாங்கும் தோல் வந்தது. மோப்பம் போனது.

பிஜய்யை அழைத்து வந்தது நான். ஒடிசாக்காரன், எங்கள் கம்பெனியில் பேக்கிங் பிரிவு. சேதராப்பட்டில் ஒரே அறையில் பல பேரோடு இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்குப் போக இடம் இல்லை. அவனுக்குத் தெரிந்த தமிழ் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் சூப்பர்வைசரின் திட்டுக்கும் போதுமானதாக இருந்தது. நீ கதை சொல்லும்போது அவன் உன் வாயைப் பார்க்க மாட்டான், முகத்தைப் பார்ப்பான். அவனுடைய அரவன் மலைக்குப் போனான். குளிர் தாங்க வேண்டும். எதை விடுகிறாய் என்று நீ கேட்டபோது அவன் வெகுநேரம் வார்த்தை தேடிவிட்டு, "கோபம்" என்றான்.

"அது ஒடம்புல இருக்குற சாமான் இல்லியே, செல்லாது" என்றாள் சுகந்தி.

நீ பகடையைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தாய். "அவன் ஒடம்புல இருக்குது போல. செல்லும்" என்றாய்.

உன் அப்பாவுக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. டீ கொண்டு வந்து வைக்கும்போது ஒவ்வொரு முறையும் ஏதாவது சொல்வார். "கல்யாணம் பண்ற வயசுல பாம்பு கூட வெளாடிகினு கீறான்" என்பார். நீ சிரிப்பாய். உனக்கு நல்ல குரல். கடையில் பேசினால் தெருமுனை வரை கேட்கும். கதையில் அரவர்களை நடத்திப் போகும் தலைவி பேசும்போது அதே குரலைத் தாழ்த்திப் பேசுவாய், சுகந்தி பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

முதலில் அந்தக் குரல் கரகரத்தது. பெயின்ட் நெடி என்றாய். பிறகு ஆஸ்பத்திரி, பரிசோதனை, தொண்டையில் கட்டி. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி. நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா எங்களை வாசல் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். "யாரையும் பாக்க மாட்டேங்குறாம்மா. எங்கிட்டயே மொகம் குடுக்கல" என்றார். சில மாதம் கழித்து நீ கல்லாவில் உட்கார ஆரம்பித்தாய். வாடிக்கையாளர்கள் உனக்குக் காது போய்விட்டதைப் போல உரக்கப் பேசினார்கள். அதை நான் நேரில் பார்த்தேன். நீ தலையாட்டிவிட்டு ஆணிகளை எடுத்துக் கொடுத்தாய்.

ஒரு சனிக்கிழமை போனில் உன் செய்தி வந்தது. "நாளைக்கு வாங்க." அவ்வளவுதான் இருந்தது.

போனோம். நீ ஒரு செயலி ஏற்றி வைத்திருந்தாய். தட்டச்சு செய்தால் போன் படித்துக் காட்டும். ஒரு பெண் குரல், எல்லா வார்த்தைக்கும் ஒரே அழுத்தம், "அரவர்" என்பதை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி சொன்னது. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு சுகந்தி சொன்னாள், "கோவிச்சிக்காதப்பா. ரயில் வர்ற நேரம் சொல்ற மாதிரியே கீது." நான் பயந்தேன். நீ தோள் குலுங்கச் சிரித்தாய். சத்தமே இல்லாத சிரிப்பு. பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாய்.

கையை மேசைமேல் வைத்து மெல்ல நகர்த்தினாய். நடுவில் நிறுத்தினாய். விரல்களைச் சட்டென்று தூக்கினாய்.

"பாம்பு" என்றேன். இல்லை என்று தலையாட்டினாய்.

"தண்ணி?" என்றாள் சுகந்தி. இல்லை.

பிஜய் உன் கையைப் பார்க்கவே இல்லை, முகத்தைப் பார்த்தான். "ரோடு" என்றான். "ரோடு ரொம்ப சூடு. கடக்க முடியல. ஆனா பின்னால ஆளு வருது. நிக்கவும் முடியல."

நீ அவனையே பார்த்தாய். பிறகு பகடையை அவன் பக்கம் உருட்டிவிட்டாய்.

அதன்பிறகு விளையாட்டு அப்படியே நடந்தது. நீ முகத்தாலும் கையாலும் சொல்வாய், பிஜய் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்வான், தப்பென்றால் நீ மேசையைத் தட்டுவாய். மொழி தெரியாத ஊரில் வருடக்கணக்காக ஆட்களின் முகத்தைப் பார்த்தே சமாளித்தவன் அவன். எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவனுடைய தமிழில் அரவர் தலைவி "நான் போவுது, நீ வருது" என்றுதான் பேசினாள். நாங்கள் அதற்குப் பழகிவிட்டோம். அரவர் உப்பளத்தைக் கடந்தார்கள், சூளையைக் கடந்தார்கள், மலையிலிருந்தவர்களைத் தேடிப் போனார்கள்.

அப்பா டீ கொடுத்துவிட்டு உடனே போவதை நிறுத்தினார். முதலில் நிலைப்படியில் நின்றார். பிறகு சிமெண்ட் மூட்டைமேல் சாய்ந்தார். ஒரு நாள் மெதுவாகக் கேட்டார், "தம்பி, இப்ப இன்னா சொன்னான்?" பிஜய் சொன்னான். அடுத்த வாரமும் கேட்டார். சில சமயம் வார நாட்களில்கூட ஷிப்ட் முடிந்த பிஜய்யைக் கடைக்கு வரச் சொல்லி, உன்னிடம் ஏதாவது கேட்பார். தன் மகன் சொல்வதை வேறொருவன் வாயிலிருந்து கேட்பது அவருக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டதில்லை.

நோய் திரும்பி வந்ததை அந்த மழைக்காலத்துக்கு முன்பு டாக்டர்கள் சொன்னார்கள். சென்னைக்குப் போய் இன்னொரு ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று அப்பா எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். விளையாட்டின் நடுவில் வந்து நின்று சொன்னார். "திங்கக்கெழம கெளம்பறோம். வண்டி சொல்லிட்டேன்."

நீ அவரை நிமிர்ந்து பார்த்தாய். கையை விரித்து, மெல்ல மடக்கி, மார்பின்மேல் வைத்தாய். எனக்கே புரிந்தது. சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா பிஜய்யைப் பார்த்தார்.

"இன்னா சொல்றான்பா?"

"அப்பா, எனக்கு அந்தத் தமிழ் தெரியாது" என்றான் பிஜய்.

அது பொய் என்று குடோனில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நீ எழுந்து போய் அவன் தோளில் கைவைத்தாய். சொல் என்று தலையை அசைத்தாய். அவன் அப்பாவைப் பார்க்காமல் உன்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆஸ்பத்திரி வேணாம். போதும். நான் வூட்ல இருக்குது. உங்க கூட இருக்குது."

அப்பா டீ கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திங்கட்கிழமை வண்டி வரவில்லை. உனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதும் துணி மாற்றுவதும் கடைசிவரை அவர்தான் செய்தார். கடையைப் பாதி நாள் மூடியே வைத்தார். பொங்கலுக்கு முன்பு நீ போய்விட்டாய். அன்று மதியம் செய்தி வந்தபோது நான் கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். இறங்க வேண்டிய இடம் வந்ததும் இறங்கி, எதிர்ப்பக்கம் போய், வில்லியனூர் பஸ் ஏறினேன். அழுதேனா என்று நினைவில்லை.

காரியம் முடிந்து நாங்கள் மூன்று பேரும் கிளம்பும்போது அப்பா எங்களை நிறுத்தினார். எதையோ கேட்பதா வேண்டாமா என்று யோசிக்கிறவர் போல இருந்தார்.

"அந்தப் பாம்பு ஜனங்க… கடைசியா எங்க போய்ச் சேந்தாங்க?"

எங்களுக்குத் தெரியாது. நீ அதைச் சொல்லவில்லை. ஒரு ஊரின் பெயரை நான் அப்போதே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

"இன்னும் போய்கினுதான் கீறாங்கப்பா" என்றான் பிஜய். அவனுடைய தமிழ் அதற்குள் எங்கள் தமிழாக மாறியிருந்தது.

அப்பா "சரி, போட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பிஜய் இப்போது ஓசூர் பக்கம் வேலையில் இருக்கிறான். சுகந்திக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. நாங்கள் மறுபடி விளையாடவில்லை.

உன் பழைய குரல் என் போனில் சில செய்திகளில் இருக்கிறது. எப்போதாவது போட்டுக் கேட்கிறேன். நல்ல குரல்தான். ஆனால் நீயாக என் மனதில் பேசும்போது அந்தக் குரல் வருவதில்லை. சாலையைக் கடக்கும்போது, சம்பளப் பேச்சில் எதிரே நிற்பவரிடம் என்ன சொல்வதென்று தெரியாதபோது, நீ வந்து ஏதாவது சொல்கிறாய். உடைந்த தமிழில், ஒடிசா வாடையோடு, வினைச்சொல்லைத் தப்பாக முடித்துச் சொல்கிறாய். எனக்கு நன்றாகப் புரிகிறது.